யோசப்பின் ரீச்சர் கண்டது

இயேசு மரி சூசை துணை

கொழும்புத்துறை,
24.11.2024

அன்பு மகள் ஜெனிற்றாவுக்கு,

அப்பாவும் அம்மாவும் கடவுள் கிருபையால் சுகமாக இருக்கிறோம். அந்த நுவரெலியாக் குளிரில் நீயும் சுகமாக இருக்கவேண்டும் என்று தினமும் செபமாலையில் உன்னை நினைக்கிறேன். உன் கடிதம் போன செவ்வாய்க்கிழமை கிடைத்தது. மடத்தில் நவகன்னியருக்குத் தொலைபேசி இல்லை, மாதம் ஒரு கடிதம்தான் என்பது எனக்கு இன்னும் பழகவில்லை. தபால்காரர் சைக்கிள் மணி அடித்தால் வலையைப் போட்டுவிட்டுப் படலைக்கு ஓடுகிறேன். அம்மா சிரிக்கிறா.

இங்கே மாரி தொடங்கிவிட்டது. கடலில் நண்டு பரவாயில்லை. அம்மா வழமைபோல நண்டுக் கொம்பனி வேலைக்குப் போய் வருகிறா. ஊருக்கு யோசப்பின் ரீச்சரான உன் அம்மாவின் ஞாயிறு மறைக்கல்வியில் இம்முறை முதல்நன்மை வாங்கப் பதினொரு பிள்ளைகள். அதில் மூன்று பேர் மகா குழப்படி என்று அம்மா சொல்கிறா, ஆனால் அந்த மூன்று பேரைப் பற்றித்தான் வீட்டில் கதைக்கிறா.

ஒரு விசயம் எழுதவேண்டும். எப்படி எழுதுவது என்று நாலு நாளாக யோசித்தேன்.

பதின்மூன்றாம் திகதி பின்னேரம் மூன்று மணிபோல, அரியாலைப் பக்கத்து மதகடியில் ஒரு விபத்து. சிவக்கொழுந்து என்ற ஓய்வுபெற்ற மருத்துவமாது, குடை பிடித்துக்கொண்டு நடந்து வந்தவ. வாகனம் அடித்துவிட்டது. பெரியாஸ்பத்திரியில் ஐந்து நாள் இருந்து, நினைவு திரும்பாமலே மோசம் போய்விட்டா. அந்தப் பக்கத்துச் சனத்தில் பாதிப்பேர் அந்த மனிசியின் கையில் பிறந்தவர்கள். செத்தவீட்டுக்கு வந்த சனம் ஒழுங்கையில் நிற்க இடமில்லை.

அவவை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிக்கொண்டு போனது எங்கள் சந்தியில் ஓட்டோ ஓடுகிற ஜெயதீபன். உனக்குத் தெரியும், உன்னை ரியூசனுக்கு ஏற்றி இறக்கினவன். இப்போது அவனைத்தான் பொலிஸ் பிடித்து மறியலில் வைத்திருக்கிறது. ஓட்டோதான் அடித்தது என்று இரண்டு பேர் கண்ட சாட்சி சொல்லியிருக்கிறார்கள். ஓட்டோவின் முன்பக்கத்தில் பழைய நெளிவு ஒன்று இருந்தது, சீற்றில் இரத்தம் இருந்தது. போதாதா? அவனுடைய மனைவி நிவேதனா ஐந்து மாதம் பிள்ளைத்தாச்சி.

மகள், அந்த நேரம் உன் அம்மா கொம்பனி விட்டு வந்து, மழைக்கு மதகடி வேப்பமரத்தின் கீழே ஒதுங்கி நின்றிருக்கிறா. அடித்தது ஓட்டோ இல்லை. ஒரு வெள்ளைக் கூலர் வாகனம், மீன் ஏற்றுவது. அதை ஓட்டினவன் இறங்கி வந்து விழுந்து கிடந்தவவைப் பார்த்தானாம். நிமிர்ந்தபோது அம்மாவையும் பார்த்தானாம். பிறகு ஏறி ஓடிவிட்டான். அதற்குப் பின்னாலே வந்த ஜெயதீபன்தான் நிறுத்தித் தூக்கினவன். அம்மாவும் சேர்ந்து தூக்கிவிட்டவ.

ஓட்டினவன் யார் என்று அம்மாவுக்குத் தெரியும். உனக்கும் தெரிந்தவன்தான். பெயரை இந்தக் கடிதத்தில் எழுத எனக்குத் துணிவில்லை.

அம்மா ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை. செபமாலை சொல்லிக்கொண்டிருக்கும்போதே நடுவில் நிறுத்திவிடுகிறா. நீ கவலைப்படாதே. காலம் போக எல்லாம் சரிவரும். குளிருக்கு இரண்டு காலுறை போடு.

உன் அன்பு அப்பா,
எமில்ராஜ்


கொழும்புத்துறை,
19.01.2025

அன்பு மகளுக்கு,

புதுவருட வாழ்த்து மட்டை கிடைத்தது. நீ வரைந்த மாட்டுத்தொழுவத்தை அம்மா மாதா சுரூபத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறா. நத்தார்ப் பெருநாள் இங்கே எப்படிப் போனது என்று கேட்டிருந்தாய். போனது.

மறைப்பதில் பயனில்லை. ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. அந்தக் கூலர் வாகனத்தை ஓட்டினவன் ஜஸ்ரின். செபநாயகம் சம்மாட்டியாரின் மகன். அவனுக்கு இருபது வயது, ஓட்டுநர் அனுமதிப்பத்திரம் இல்லை. சம்மாட்டியாருக்கு நாலு வள்ளமும் இரண்டு கூலரும் இருப்பது உனக்குத் தெரியும். பெருநாளுக்குச் சுரூபக்கூடு தூக்க முதல் தோள் கொடுப்பது அவர். கண்ட சாட்சி சொன்ன இரண்டு பேரும் அவருடைய வள்ளத்தில் தொழிலுக்குப் போகிறவர்கள். அவர்கள் அந்த நேரம் அந்த இடத்திலேயே இல்லை.

மார்கழி தொடக்கத்தில் அம்மா ஜெயதீபனின் சட்டத்தரணியிடம் போய்விட்டா. லவீனா என்ற சின்னப் பிள்ளை, உன்னைவிட ஐந்தாறு வயது மூப்பு இருக்கும். தான் கண்டதை எல்லாம் அம்மா எழுதிக் கொடுத்தாவாம். எனக்குச் சொல்லாமல் போனா. சொன்னால் நான் மறிப்பேன் என்று தெரியும்.

நத்தாருக்கு முந்தின ஞாயிறு பூசை முடிய சம்மாட்டியார் வீட்டுக்கு வந்தார். கதிரையில் இருந்து, தேத்தண்ணி குடித்து, மரியாதையாகத்தான் கதைத்தார். இது எங்கடை ஆக்களுக்கை முடிக்கிற விசயம், ரீச்சர், ஒரு சைவக்காரனுக்காக எங்கடை பிள்ளையைக் கொண்டுபோய் மறியலிலை அடைக்கப் போறியளோ என்று கேட்டார். அம்மா தேத்தண்ணிக் கோப்பையை எடுத்துக்கொண்டே சொன்னா: "சம்மாட்டியார், அந்த மனிசி றோட்டிலை கிடக்கேக்கை சைவக்காரியோ வேதக்காரியோ எண்டு நான் பாக்கேல்லை. ஜெயதீபனும் பாக்கேல்லை. பாத்திருந்தால் அவன் இண்டைக்கு வீட்டிலை இருந்திருப்பான்."

சம்மாட்டியார் எழும்பிப் போய்விட்டார். அதற்குப் பிறகு நடந்ததைக் கேள். நண்டுக் கொம்பனியில் அம்மாவை நிற்பாட்டிவிட்டார்கள். அங்கே நண்டு கொடுக்கிறவர்களில் பெரியவர் சம்மாட்டியார்தானே. மறைக்கல்வி வகுப்பில் இருந்து கொஞ்சக்காலம் ஓய்வு எடுங்கோ ரீச்சர் என்று கோயில் மூப்பர் வந்து சொல்லிவிட்டுப் போனார். பதினெட்டு வருடம் நடத்தின வகுப்பு. சம்மாட்டியாரின் மனைவி மக்டலீன், அம்மாவோடு ஒன்றாக மரியாயின் சேனைச் செபக்கூட்டத்துக்குப் போனவ, இப்போது கோயிலில் கண்டால் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு மற்றப் பக்கம் பார்க்கிறா. தை மூன்றாம் திகதி நான் விடிய வலை எடுக்கப் போனால், வலை இல்லை. துண்டுதுண்டாக வெட்டி, தடியில் சுற்றிவிட்டிருந்தது. முப்பது வருடமாக இந்தக் கடலில் தொழில் செய்கிறேன். என் வலையில் ஒருவரும் கை வைத்ததில்லை.

பாதரிடம் போய்க் கேட்டோம். அவர், போ என்றும் சொல்லமாட்டேன், போகவேண்டாம் என்றும் சொல்லமாட்டேன், ஆனால் யோசப்பின் ரீச்சர் போனால் நானும் வருவேன் என்றார். எனக்கு அது ஒரு பதிலாகத் தெரியவில்லை.

மகள், நான் ஒரு கோழை என்று நீ நினைக்கக்கூடும். நீ யுத்தம் முடியும்போது சின்னப் பிள்ளை. நாங்கள் கண்டதைக் காணவில்லை என்று சொல்லிப் பிழைத்த ஆட்கள். ஆர் வந்தது, ஆர் கொண்டுபோனது, எந்த வாகனம் என்று கேட்டால், தெரியாது ஐயா, நித்திரை ஐயா. அப்படிச் சொல்லித்தான் நான் உயிரோடு இருக்கிறேன். அதை அம்மாவுக்குச் சொன்னேன். அதற்கு அவ, அப்ப துவக்குக்குப் பயந்தம், இப்ப எதுக்குப் பயம், முகத்தாட்சணைக்கோ என்று கேட்டா.

இப்போது நான் கேட்பதைக் கேள். அம்மா உன் சொல்லைக் கேட்பா. நீ கடவுளுக்கென்று போன பிள்ளை. சாட்சி சொல்லப் போகவேண்டாம், கடவுள் பார்த்துக்கொள்வார் என்று அவவுக்கு ஒரு கடிதம் எழுது. நானும் என் பங்குக்கு ஒரு வழி செய்திருக்கிறேன். சம்மாட்டியாரைத் தனியாகச் சந்தித்து ஒரு துண்டில் ஒப்பம் வைத்துக் கொடுத்திருக்கிறேன். பெரிய விசயம் இல்லை. அம்மாவுக்கு அதைப் பற்றி எழுதாதே.

உன் கடிதத்தைப் பார்த்திருக்கும்,
அப்பா


கொழும்புத்துறை,
02.03.2025

மகள்,

அம்மாவுக்கு எழுதச் சொன்னேன். நீ எனக்கு எழுதியிருக்கிறாய். அதுவும் நாலே நாலு வரி.

அம்மாவை மறித்து எழுதமாட்டேன், மறித்தால் நான் இந்த மடத்தில் இருப்பதில் அர்த்தமில்லை என்கிறாய். அப்பா, நீங்கள் அவவோடை போங்கோ, தனிய விடாதேங்கோ என்கிறாய். எனக்குக் கோபம் வந்தது. கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கடலுக்குப் போனேன். இரவல் வலைதான். வந்து திரும்ப எடுத்து வாசித்தேன். தண்ணீர் பட்டு மை கரைந்துவிட்டது. ஆனால் பாடம் ஆகிவிட்டது.

நிவேதனாவுக்குப் பிள்ளை பிறந்துவிட்டது, பெண்பிள்ளை, சுகமாக இருக்கிறாள். தவணைக்கு முன்னே பிறந்ததால் கொஞ்சம் சின்ன உருவம். ஜெயதீபன் இன்னும் மறியலில். அம்மா பத்தியக் குழம்பு வைத்துக்கொண்டு போய்க் கொடுத்தா. நானும் கூடப் போனேன். படலைக்கு வெளியேதான் நின்றேன். நிவேதனா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்து, பாருங்கோ அண்ணை என்று என் முன்னாலே நீட்டினாள். அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை.

சாட்சி விசாரணை ஏப்ரல் மூன்றாம் திகதி. தபசுகாலம் வருகிறது. எனக்காகச் செபி. அம்மாவுக்காக இல்லை, எனக்காக.

அப்பா


இயேசு மரி சூசை துணை

கொழும்புத்துறை,
27.04.2025

எங்கள் கண்மணி ஜெனிற்றாவுக்கு,

உயிர்த்த ஆண்டவரின் சமாதானம் உனக்கும் மடத்தில் உள்ள எல்லாச் சகோதரிகளுக்கும் உண்டாவதாக. இந்தக் கடிதம் நீளமாக வரும். மதர் அனுமதித்தால் ஒரே இருப்பில் இருந்து வாசி. அம்மா பக்கத்தில் இருந்து, நான் ஏதும் கூட்டி எழுதுகிறேனா என்று பார்த்துக்கொண்டிருக்கிறா.

விசாரணை நாள் காலை எழும்பியபோது அம்மா நீலச் சேலை உடுத்து ஆயத்தமாக நின்றா. நானும் வெள்ளை வேட்டி உடுத்தேன். அவ சால்வையை எடுத்துத் தந்தா. கோயிலடியில் பாதர் அங்கியோடு காத்துக்கொண்டு நின்றார். மூன்று பேரும் பஸ்ஸில் போனோம். பாதர் முன்னால் இருந்தார், சனம் எல்லாம் எங்களைத் திரும்பித் திரும்பிப் பார்த்தது.

நீதிமன்றத்தில் ஒரு பக்கம் சம்மாட்டியாரும் அவருடைய ஆட்களும். எங்கள் பங்குச் சனத்தில் முப்பது நாற்பது பேர் இருப்பார்கள், எல்லாரும் அந்தப் பக்கம். ஜஸ்ரின் நடுவில் தலையைக் குனிந்துகொண்டு இருந்தான். மக்டலீனும் வந்திருந்தா. இந்தப் பக்கம் நிவேதனா, அவளுடைய தாய், கடைசி வாங்கில் தனிய இருந்த, செத்துப்போன சிவக்கொழுந்தம்மாவின் மகன். அந்த மகனும் ஜெயதீபனில் கோபமாகத்தான் இருந்தான். ஜெயதீபனைக் கொண்டுவந்து கூண்டில் ஏற்றினபோது அவன் ஆளே பாதியாகிப் போயிருந்தான். நாங்கள் இந்தப் பக்கத்தில் போய் இருந்தோம். அந்த நாலு அடி தூரம் நடந்தது, மகள், கச்சான் காற்றுக்கு எதிரே தடியூன்றி வள்ளம் தாங்கினதுபோல இருந்தது.

அம்மாவின் பெயரைக் கூப்பிட்டார்கள். வேதாகமத்தில் கை வைத்துச் சத்தியம் செய்தா. குரல் நடுங்கியது. லவீனா கேட்கக் கேட்க, மழை, மதகடி, வெள்ளைக் கூலர், ஜஸ்ரின் இறங்கினது, பார்த்தது, ஓடினது, எல்லாம் சொன்னா. சொல்லச் சொல்ல நடுக்கம் குறைந்தது.

பிறகு ஜஸ்ரினுக்காகச் சம்மாட்டியார் பிடித்த சட்டத்தரணி எழும்பினார். கொழும்பில் இருந்து வந்த பெரிய ஆள். எவ்வளவு தூரத்தில் நின்றீர்கள் என்று கேட்டார். எங்கடை கோயில் வாசலில் இருந்து பீடம் வரை இருக்கும் ஐயா என்றா. மழையில் அவ்வளவு தூரத்தில் முகம் எப்படித் தெரிந்தது என்று கேட்டார். அதற்கு அம்மா சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "அவன் என்னைப் பாத்தவன் ஐயா. நானும் பாத்தனான். ஏழு வயசிலை அவனுக்குச் சிலுவை அடையாளம் போடப் பழக்கினது நான். முதல்நன்மைக்கு ஆயத்தம் செய்தது நான். கூட்டத்துக்கை முதுகைக் காட்டிக்கொண்டு நிண்டாலும் அவனை எனக்குத் தெரியும்."

அப்படியானால் அவனில் உங்களுக்கு என்ன கோபம் என்று அவர் கேட்டார். கோபம் இருந்தால் நாலு மாசமாய் அவனுக்காக உபவாசம் இருக்கமாட்டன் என்றா. எனக்கு அது அன்றுதான் தெரியும். ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை என்று உனக்கு எழுதினேனே. நான் கவலை என்று நினைத்தேன்.

அந்த நேரம்தான் அந்த மனிதர் தன் வழக்குக் கோவைக்குள் இருந்து ஒரு கடுதாசியை எடுத்தார். நான் ஒப்பம் வைத்த அதே துண்டு. இந்தப் பெண்மணிக்கு இரண்டு கண்ணிலும் வெள்ளை படர்ந்திருக்கிறது, பத்தடி தூரத்தில் நிற்பவரை மட்டுக்கட்ட மாட்டா என்று அவருடைய சொந்தக் கணவரே எழுதி ஒப்பம் வைத்திருக்கிறார் என்று உரக்க வாசித்தார். அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்டது. அம்மா திரும்பி என்னைப் பார்த்தா. இத்தனை வருடத்தில் அவ அப்படி என்னைப் பார்த்ததில்லை. கோபமில்லை. உங்களுக்கு இவ்வளவு பயமாக இருந்ததா என்று கேட்கிற பார்வை.

மகள், குருத்தோலைக்கும் பெரிய வெள்ளிக்கும் இயேசுவைத் தெரியாது என்று இராயப்பர் மறுதலித்த கதையை வருடாவருடம் கேட்கிறோம். கேட்டு, பாவம் என்று நினைப்பேன். அன்றைக்கு அந்த வாங்கில் இருந்த இராயப்பர் நான்தான்.

எழும்பிவிட்டேன். எப்படி எழும்பினேன் என்று தெரியாது. "ஐயா, அது பொய்" என்று சத்தம் போட்டுவிட்டேன். பொலிஸ்காரர் ஓடிவந்து கையைப் பிடித்தார். நீதவான் ஐயா கண்ணாடிக்கு மேலால் பார்த்து, ஆர் நீர், நீதிமன்றத்தில் இப்படிக் கத்தக்கூடாது என்று தெரியாதா என்று கண்டித்தார். லவீனா எழும்பி, இவர்தான் ஒப்பம் வைத்தவர், சாட்சியாக எடுக்கவேண்டும் என்று கேட்டாள். பெரிய வாக்குவாதத்துக்குப் பிறகு விட்டார்கள்.

அம்மா இறங்கின கூண்டில் நான் ஏறினேன். வேதாகமத்தில் கை வைத்தேன். சொன்னேன்: என்ரை மனிசியின்ரை கண்ணிலை ஒரு குறையும் இல்லை ஐயா, நூறு யார் தூரத்துக்கு அங்காலை வாறது ஆரின்ரை வள்ளம் எண்டு சொல்லுவா, நான் பொய் எழுதி ஒப்பம் வைச்சனான், பயத்திலை வைச்சனான். நீதவான் ஐயா பேனையை வைத்துவிட்டு, இப்போது பயம் போய்விட்டதா என்று கேட்டார். இல்லை ஐயா, இப்பவும் பயத்தோடைதான் சொல்லுறன் என்றேன்.

ஒருவரும் சிரிக்கவில்லை. பொய்க் கடுதாசி கொடுத்ததற்கு என்னைக் கடுமையாக எச்சரித்தார். அதற்காக என்னை அடைத்திருந்தாலும் நான் போயிருப்பேன். இறங்கி வந்தேன். எங்கே இருப்பது என்று தெரியாமல் நின்றேன். அம்மா வாங்கில் தள்ளி இருந்து எனக்கு இடம் விட்டா.

அன்றைக்கே ஜெயதீபனுக்குப் பிணை கிடைத்தது. வெளியே மாமரத்தின் கீழே நிவேதனா பிள்ளையை அவன் கையில் கொடுத்தாள். முதல்முதல் அன்றுதான் தூக்குகிறான். எப்படிப் பிடிப்பது என்று தெரியாமல் இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு நின்றான்.

பஸ்ஸில் வரும்போது அம்மா யன்னல் பக்கம் இருந்தா. நான் சீற்றில் ஒடுங்கிப்போய் இருந்தேன். கொழும்புத்துறைக்குக் கிட்ட வரும்போது மெதுவாக, இஞ்சாருங்கோ என்றா. ஓம் என்றேன். எனக்கு இரண்டு கண்ணிலையும் வெள்ளை எண்டு நீங்களே எழுதிக் குடுத்தாப் பிறகு, இனி மீன் வெட்டி முள்ளுப் பாத்து எடுக்கிறது நீங்கள்தான் என்றா. நான் அழுதேனா சிரித்தேனா என்று தெரியாது. முன் சீற்றில் இருந்த பாதர் தோள் குலுங்கச் சிரித்தார். இன்றுவரை மீன் வெட்டுவது நான்தான், மகள்.

இது பாதிக் கதை. மீதியைக் கேள்.

பெரிய வெள்ளிக்கு முந்தின செவ்வாய், காலை பத்து மணி இருக்கும். நான் முற்றத்தில் கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்தேன். ஒழுங்கையில் இரண்டு பேர் வருவது தெரிந்தது. மக்டலீனும் ஜஸ்ரினும். பட்டப்பகலில், எல்லார் வீட்டுப் படலையிலும் சனம் பார்த்துக்கொண்டு நிற்க, தாய் மகனின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தா. இருபது வயதுப் பிள்ளையின் கையை.

தபசுகாலம் முழுக்க மக்டலீனால் ஆண்டவருடைய பாடுகளைச் சொல்லும் பசாம் படிக்க முடியவில்லையாம். வருடாவருடம் அவதானே முன்னுக்கு நின்று படிக்கிறவ. இம்முறை மாதாவின் புலம்பல் வருகிற இடத்தில் பக்கத்தில் நின்றவவிடம் புத்தகத்தைக் கொடுத்துவிட்டாவாம். எங்கள் வீட்டு வாசலில் நின்றுகொண்டு அம்மாவிடம் சொன்னா: "யோசப்பின், நீர் என்ரை பிள்ளைக்காகச் சாப்பிடாமல் இருந்தனீர் எண்டு கோட்டிலைதான் கேள்விப்பட்டன். நான் அவனைப் பெத்தனான். நான் அவனுக்காக ஒரு பொய்யைத்தான் காவிக்கொண்டு திரிஞ்சன்."

ஜஸ்ரின் நிமிரவே இல்லை. பிறகு மெல்லத்தான் கதைத்தான். ரீச்சர், அண்டைக்கு நான் இறங்கிப் பாத்தனான், அவ கையை அசைச்சவ, தண்ணி கேட்டமாதிரி இருந்தது, நான் ஓடிட்டன் என்றான். ஐந்து மாதமாக அந்தக் கை கண்ணுக்குள் நிற்குதாம். பொலிசுக்குப் போகப்போறன், அப்பாவுக்குச் சொல்லியிட்டன், அவர் வரமாட்டன் எண்டிட்டார், தனியப் போகப் பயமாக் கிடக்கு, நீங்கள் வாறியளோ ரீச்சர் என்று கேட்டான்.

யாரிடம் கேட்கிறான் பார். அவனைக் காட்டிக் கொடுத்தவவிடம். அம்மா அப்போது புட்டுக்கு மா குழைத்துக்கொண்டிருந்தா. கையைக் கழுவினா. உள்ளே போய்ச் சேலை மாற்றிக்கொண்டு வந்தா. அவன் தலையில் கை வைத்து, நெற்றியில் சிலுவை அடையாளம் போட்டு, வா பிள்ளை, நான் வாறன் என்றா.

நாலு பேரும் நடந்தே போனோம். நானும் போனேன், சொல்லாமலே. ஒழுங்கையில் சனம் பார்த்துக்கொண்டு நின்றது. மூப்பர் கோயில் வாசலில் நின்றவர், கிட்ட வந்ததும் தோளில் கிடந்த சால்வையை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு ஒதுங்கி வழி விட்டார். சம்மாட்டியார் தன் வீட்டுப் படலையில் நின்றார். மறிக்கவில்லை. மகன் கடந்து போகும்போது உள்ளே போய்விட்டார். பாவம், அவருக்காகவும் செபி. அவர் இன்னும் எங்களோடு கதைப்பதில்லை, கோயிலுக்கும் வருவதில்லை. ஆனால் வலையில் ஒருவரும் இப்போது கை வைப்பதில்லை.

ஜஸ்ரின் எல்லாவற்றையும் தன் வாயாலே சொல்லிக் கொடுத்தான். அம்மா கடைசிவரை பக்கத்துக் கதிரையில் இருந்தா. பொய்ச்சாட்சி சொன்ன இரண்டு பேரும் அடுத்த நாளே போய்ச் சொன்னதை மாற்றிவிட்டார்கள். போன வியாழன் ஜெயதீபனை வழக்கில் இருந்து முற்றாக விடுவித்தாயிற்று. நீதிமன்ற வாசலில் சிவக்கொழுந்தம்மாவின் மகன் அவனிடம் வந்து, அவனுடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, இது என்ரை அம்மாவைத் தூக்கின கை என்று சொல்லிக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். அதைப் பார்த்தவர்கள் ஒருவரும் கண் கலங்காமல் இல்லை. பொலிஸ் வைத்திருந்த ஓட்டோவும் கிடைத்துவிட்டது. நேற்று ஜெயதீபன் அதைக் கழுவி, மாலை போட்டு, எங்கள் வாசலில் கொண்டுவந்து நிறுத்திக் கோர்ன் அடித்தான். அம்மாவை ஏற்றிக்கொண்டு அரியாலைவரை போய் வந்துவிட்டுத்தான் சந்திக்குப் போனான்.

உயிர்த்த ஞாயிறு காலைப் பூசையில் நடந்ததையும் எழுதவேண்டும். பூசை முடிய பாதர் பீடத்தில் நின்று, அடுத்த கிழமை தொடக்கம் முதல்நன்மை வகுப்பு யோசப்பின் ரீச்சர் நடத்துவா என்று அறிவித்தார். பின் வாங்கில் இருந்து யாரோ ஒரு மனிசி எழும்பி நின்றா. பிறகு அடுத்த வாங்கு. பிறகு கோயில் முழுக்க. கைதட்டவில்லை, ஒன்றுமில்லை. எழும்பி நின்றார்கள், அவ்வளவுதான். அம்மா யாருக்கு எழும்புகிறார்கள் என்று தெரியாமல் தானும் எழும்பித் திரும்பிப் பார்த்தா. அந்த மூன்று குழப்படிகளும் வாங்கைத் தாண்டிப் பாய்ந்து வந்து அவவைக் கட்டிப்பிடித்தார்கள். மக்டலீன் அல்லேலூயாப் பாட்டைத் தொடங்கினா. குரல் உடைந்தது, ஆனால் நிறுத்தவில்லை. நாங்கள் எல்லாரும் சேர்ந்து அதைத் தாங்கிப் பிடித்துப் பாடினோம்.

ஜஸ்ரின் இப்போது மறியலில். அம்மா ஒவ்வொரு கிழமையும் மக்டலீனோடு போய்ப் பார்க்கிறா. போன முறை, இரவில் நித்திரை வருகுது ரீச்சர் என்று சொன்னானாம். அதைச் சொல்லும்போது அம்மாவின் முகத்தைப் பார்த்திருக்கவேண்டும். உன் செபத்தில் ஜெயதீபனை வைத்திருந்த இடத்தில் இனி அவனை வை. மதர் சம்மதித்தால் அவனுக்கு ஒரு கடிதமும் போடு.

மகள், உன் கடைசிக் கடிதத்தில் ஆவணியில் கன்னியராக முதல் வார்த்தைப்பாடு கொடுப்பது என்றும், வாழ்நாள் முழுக்கக் காப்பாற்ற முடியுமா என்று பயமாக இருக்கிறது என்றும் எழுதியிருந்தாய். முந்தியென்றால் இந்த வரியைப் பிடித்துக்கொண்டு, பயமென்றால் வீட்டுக்கு வா பிள்ளை என்று எழுதியிருப்பேன். உள்ளதைச் சொன்னால், நீ போன நாளில் இருந்து அப்படி ஒரு வரிக்காகத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இப்போது அப்படி எழுதமாட்டேன். பயம் போகட்டும் என்று காத்திருக்காதே, பிள்ளை. அது போகாது. அதையும் கூட்டிக்கொண்டு போய்ப் பீடத்தின் முன்னே நில். ஆவணியில் நானும் அம்மாவும் வருவோம். உன்னைக் கொடுக்கிறீர்களா என்று கேட்கிற ஒரு வழக்கம் இருந்தால், என்னைக் கேட்கச் சொல். என் குரல் நடுங்கும். ஓம் என்றுதான் சொல்லுவேன்.

ஆண்டவர் உன்னை ஆசீர்வதித்துக் காப்பாராக. மாதா உன் கையை விடாமல் பிடித்திருப்பாவாக.

உன்னைப் பெற்றதற்குப் பெருமைப்படும்,
அப்பா எமில்ராஜ்

அம்மா, கண் வெள்ளையோடு, வாசித்துச் சரி பார்த்தாயிற்று.